பாதியில் நிறுத்தினாலும் கெடாத கேம்கள்

திருநெல்வேலி ஜங்ஷனில் கிளம்புகிற திருச்செந்தூர் பாசஞ்சர் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று நின்று நின்றுதான் போகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாராவது ஏறுவார்கள், தள்ளி உட்காரச் சொல்வார்கள், பையை மேலே வைத்துத் தரக் கேட்பார்கள். கையில் பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவியை வைத்திருப்பவருக்குச் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. இந்தக் கருவிக்கு எந்த கேம் வாங்கலாம் என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நடுவில் கையை எடுத்தால் அந்த கேம் என்ன ஆகிறது? கிராபிக்ஸ், கதை, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சோனியின் பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. பத்து வருடம் ஓடி 2014-ல் நின்றது. 4.3 அங்குலத் திரை, 480-க்கு 272 புள்ளிகள். எண்ணை மட்டும் பார்த்தால் இன்றைக்கு இருக்கிற விலை குறைந்த போன்கூட இதைவிட மேல். ஆனால் போனில் இல்லாத ஒன்று இதன் வலது ஓரத்தில் இருக்கிறது. பவர் சுவிட்சை மேலே ஒரு தள்ளு தள்ளி விட்டுவிட்டால் கேம் அப்படியே உறைந்து கருவி தூங்கிவிடும். மறுபடி தள்ளினால், குதித்துக்கொண்டிருந்தவன் அந்தரத்தில் இருந்த இடத்திலிருந்தே தொடர்வான். அதே சுவிட்சைக் கீழே இழுத்தால் பட்டன்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். பைக்குள் அழுந்தினாலும் எதுவும் ஆகாது. மேலே தள்ளி மூன்று விநாடி பிடித்தால் மட்டும் முழுசாக அணைந்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தூங்க வைக்கப் போய் அணைத்துவிட்டு, சேவ் செய்யாத ஒரு மணி நேர ஆட்டத்தை இழக்கிறார்கள். தட்டிவிட்டுக் கையை எடுங்கள், பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

தூக்கத்திலும் கொஞ்சம் சார்ஜ் போய்க்கொண்டுதான் இருக்கும். நல்ல பேட்டரி பல நாள் தாங்கும், பழைய பேட்டரி ஒரே ராத்திரியில் வற்றிவிடும். வற்றினால் உறைந்திருந்த ஆட்டமும் போச்சு. ஆகவே தூக்கத்தைச் சேவுக்கு மாற்றாக நம்பக்கூடாது. ரயில் இறங்கும்வரை தாங்கினால் போதும், வீட்டுக்குப் போனதும் முறையாகச் சேவ் செய்துவிட வேண்டும்.

இரண்டாவதாக நான் பார்ப்பது கட்டைவிரலால் எல்லாத் திசையிலும் தள்ளுகிற அனலாக் குமிழ். பிஎஸ்பியில் அது ஒன்றுதான், இடது பக்கம். டிவியில் இரண்டு குமிழ் வைத்து ஆடப் பழகிய கேம்களை இதில் திணித்தால் கேமராவைத் திருப்ப விரல் இருக்காது. இந்தக் குறையை உணர்ந்து ஒற்றைக் குமிழுக்கென்றே வடிவமைத்த கேம்கள் இன்றைக்கும் புதுசாக இருக்கின்றன. மற்றவை அப்போதே சிரமம்தான்.

மூன்றாவது நம்மூர் வெயில். ஜன்னலோரம் உட்கார்ந்தால் திரையில் இருட்டான காட்சி எதுவும் தெரியாது, நம் முகம்தான் தெரியும். தட்டையான, அடர்ந்த வண்ணத்தில் வரைந்த கேம்கள் பகல் பன்னிரண்டு மணிக்கும் தெரியும்.

இந்த மூன்றிலும் தேறுகிற ஒன்றைச் சொல்லச் சொன்னால், யோசிக்காமல் பட்டாபோன் என்பேன். 2007-ல் ஜப்பானில் வந்தது. கறுப்பு நிழலுருவங்கள், பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஒற்றை நிறம். வெயிலில் இதைவிடத் தெளிவாகத் தெரியும் கேம் பிஎஸ்பியில் குறைவு. ஒற்றைக் கண் கொண்ட சின்னஞ்சிறு படையை நீங்கள் முரசு அடித்து நடத்த வேண்டும். சதுரப் பட்டன் 'பட்டா', வட்டம் 'போன்', முக்கோணம் 'சாக்கா', பெருக்கல் குறி 'டோன்'. பட்டா பட்டா பட்டா போன் என்று அடித்தால் படை முன்னேறும். போன் போன் பட்டா போன் என்றால் தாக்கும். சாக்கா சாக்கா பட்டா போன் என்றால் தடுத்து நிற்கும். நீங்கள் நாலு தட்டு அடிக்க வேண்டும். அடுத்த நாலு தட்டுக்குப் படை பதில் பாடும். பிறகு மறுபடி உங்கள் முறை. ஒரு தட்டுக்கு அரை விநாடி.

எல்லோரும் தவறுகிற இடம் அந்தப் பதில் பாடும் நாலு தட்டு. ஆர்வத்தில் அங்கேயும் பட்டனை அழுத்திவிடுவார்கள்; தாளம் உடையும், படை தடுமாறி நிற்கும். அந்த நேரம் விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, காலால் தாளம் தட்டிக்கொண்டிருப்பதுதான் வழி. திரையின் ஓரச் சட்டம் ஒவ்வொரு தட்டுக்கும் மின்னும், காது ஏமாற்றினாலும் கண் காப்பாற்றும். விடாமல் சரியாக அடித்துக்கொண்டே போனால் 'ஃபீவர்' வரும், படையின் அடி பலமாகும். துல்லியமாக அடித்தால் அது சீக்கிரமே வரும், முன்னே பின்னே அடித்தால் பத்துச் சுற்று ஆகும். கோயில் கொடைக்கு நையாண்டி மேளமும் மகுடமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் புதிது இல்லை. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த கேம் சட்டென்று பிடிபடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

பாதி கேமில் ஒரு பாலைவனம் வரும். கொதிக்கும் மணலில் படை எரிந்து சாகும். எத்தனை முறை போனாலும் கடக்க முடியாது. அங்கே மழையை வரவழைக்க வேண்டும். அதற்கு 'டோன்' முரசில் ஒரு தனித் தாளம் இருக்கிறது: டோன், டோன்டோன், டோன்டோன். ஐந்து அடியை நாலு தட்டுக்குள் அடக்க வேண்டும். முதல் அடிக்குப் பிறகு வரும் இரட்டைகளைத்தான் பலரும் சமமாக இழுத்துவிடுகிறார்கள். வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுப் பட்டனைத் தொட்டால் வந்துவிடும். இந்த இடத்தில் கேமைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பட்டாபோனில் குறை இல்லாமல் இல்லை. ஆயுதம் செய்யவும் புது வீரனை உருவாக்கவும் இறைச்சி, கல், மரம் சேர்க்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே முடித்த வேட்டைக் களத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். அலுப்புத் தட்டும். ஆனால் ஒரு களம் பத்து நிமிடத்துக்குள் முடிவதால், பயண நேரத்துக்கு அந்த அலுப்பும் பெரிதாக உறுத்தாது. ஒன்று முக்கியம்: இதற்கு வயர் வைத்த ஹெட்போன்தான் வேண்டும். பிஎஸ்பியில் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கிறது. அதில் ஒரு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைச் செருகி வயர் இல்லாத இயர்போனில் கேட்டால், ஒலி தாமதமாக வந்து சேரும். நீங்கள் சரியாக அடிப்பதாக நினைப்பீர்கள், கேம் தப்பு என்று சொல்லும்.

அடுத்தது லுமினஸ். பிஎஸ்பி வெளிவந்த அன்றே கூட வந்தது. 16 கட்டம் அகலம், 10 கட்டம் உயரம் உள்ள பலகையில் இரண்டுக்கு இரண்டு கட்டங்கள் விழும். இரண்டே நிறம். ஒரே நிறத்தில் நாலு கட்டம் சதுரமாகச் சேர்ந்தால் அது குறிக்கப்படும். ஆனால் உடனே மறையாது. பாட்டின் வேகத்துக்கு இடமிருந்து வலமாக ஒரு கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அது கடக்கும்போதுதான் அழியும். இந்தத் தாமதத்தில்தான் கேமே இருக்கிறது. கோடு ஒரு சதுரத்தின் நடுவில் வந்திருக்கும்போது நீங்கள் அதை முடித்தால், அந்தச் சுற்றில் அது முழுதாகப் போகாது. எனவே கோடு எங்கே இருக்கிறது என்று ஒரு கண் எப்போதும் வைத்திருக்க வேண்டும். கோடு இடது ஓரத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால் சதுரங்களைச் சேர்த்து வைப்பது நல்லது. ஒரே கடப்பில் நாலு சதுரமோ அதற்கு மேலோ அழித்தால் போனஸ் பெருகும்.

புதியவர்கள் வேகமான பாட்டு வந்தால் பயப்படுகிறார்கள். உண்மையில் மெதுவான பாட்டுதான் ஆபத்து. கோடு நகர்ந்து வருவதற்குள் கட்டங்கள் குவிந்து உச்சியைத் தொட்டுவிடும். மெதுவான பாட்டு தொடங்கியதும் ஆசையை அடக்கி, உயரத்தைக் குறைப்பதில் மட்டும் கவனம் வையுங்கள். முழுவதும் ஒரே நிறத்தில் விழும் கட்டத்தை வீணாக்காதீர்கள், ஏற்கெனவே அதே நிறம் இரண்டு ஒட்டியிருக்கும் இடத்தின் மேல் இறக்கினால் இரண்டு சதுரம் கிடைக்கும். நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு ஒரே ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் சேவ் கிடையாது. தூக்கச் சுவிட்ச் இல்லாவிட்டால் லுமினஸ் நம்முடைய பயணத்துக்கு ஆகாது. இருப்பதால் முதல் வரிசையில் வைக்கிறேன். இந்த கேமின் ஒலியை அணைத்துவிட்டு ஆடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் கட்டத்தைத் திருப்புவதும் இறக்குவதும்கூட அந்தப் பாட்டோடு சேர்ந்தே ஒலிக்கும்.

'எவ்ரிபடீஸ் கோல்ஃப்' என்று ஒன்று. அமெரிக்க டிஸ்க்கில் 'ஹாட் ஷாட்ஸ் கோல்ஃப்' என்று இருக்கும். கோல்ஃப் என்றதும் நம் ஆட்கள் தள்ளி வைத்துவிடுகிறார்கள். அப்படித் தள்ளக்கூடாது. ஒரு பட்டனை மூன்று முறை அழுத்துவதுதான் மொத்த வித்தை: தொடங்க ஒன்று, பலத்துக்கு ஒன்று, பந்தில் படும் கணத்துக்கு ஒன்று. இரண்டு அடிகளுக்கு நடுவில் காலக்கெடு எதுவும் இல்லை. பக்கத்துச் சீட்டுப் பாட்டியிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தாலும் பந்து அங்கேயே கிடக்கும். ஒரு குழி இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். காற்று எதிரே அடித்தால் ஒரு படி கூடுதல் தூரம் அடிக்கும் மட்டையை எடுப்பது, சரிவைப் பார்த்து மேட்டுப் பக்கமாகக் குறி வைப்பது, இந்த இரண்டு மட்டும் தெரிந்தால் முதல் சில போட்டிகளை ஜெயித்துவிடலாம்.

சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் லோக்கோரோக்கோ, 2006. கருவியின் மேல் இடது ஓரத்தில் இருக்கும் எல் பட்டன் உலகத்தை இடது பக்கம் சாய்க்கும், ஆர் வலது பக்கம், இரண்டையும் சேர்த்து அழுத்தி விட்டால் குதிக்கும். வட்டப் பட்டன் ஒரே உருண்டையைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும். இவ்வளவுதான். எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளையும் ஆடும். ஒவ்வொரு கட்டத்திலும் பழம் தின்று தின்று இருபதாகப் பெருக வேண்டும், இருபதையும் கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கான சவால்.

மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. ஆழம் என்று பார்த்தால் இந்தக் கருவியிலேயே இதுதான் பெரிய கடல். ஒரு வேட்டைக்கு 50 நிமிடக் கெடு, மூன்று முறை விழுந்தால் வேட்டை தோல்வி. ஆனால் நடப்பது குமிழில், கேமரா திரும்புவது திசைப் பட்டனில், இரண்டும் இடது பக்கம். அதனால் கட்டைவிரல் குமிழில் இருக்க, ஆள்காட்டி விரலை வளைத்துத் திசைப் பட்டனில் வைத்து ஆடுவார்கள். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். இதைப் பழகாதீர்கள். எல் பட்டனைத் தட்டினால் கேமரா உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். மிருகம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு தட்டு. அதுவே போதும்.

தொடக்கத்தில் கத்தியும் கேடயமும் எடுங்கள். ஆயுதத்தை உறையில் போடாமலே மருந்து குடிக்க அதில்தான் முடியும். பெரிய வாள் அழகாக இருக்கிறது என்று எடுத்தவர்கள், மருந்து குடிக்க வாளை முதுகில் மாட்டும் நேரத்தில் அடிபட்டுச் சாகிறார்கள். கூர் மங்கினால் அடி தெறித்துத் திரும்பும், ஆகவே சாணைக்கல் இல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். மிருகத்தைக் கண்டதும் முதல் வேலை பெயின்ட் பந்தை எறிவது; அது வேறு பகுதிக்குப் பறந்து போனாலும் வரைபடத்தில் தெரியும். கேமின் அமைப்பில் டேட்டா இன்ஸ்டால் என்று ஒன்று இருக்கும். கார்டில் இடம் விட்டு அதைச் செய்துவிட்டால், ஒவ்வொரு பகுதிக்கும் காத்திருக்கும் நேரம் குறையும், டிஸ்க் குறைவாகச் சுற்றுவதால் பேட்டரியும் மிஞ்சும். தனியாக ஆடும்போது எப்போது வேண்டுமானாலும் தூங்க வைக்கலாம். நண்பரோடு வயர்லெஸ்ஸில் சேர்ந்து ஆடும்போது தூங்க வைத்தால் இணைப்பு அறுந்துவிடும்.

வயர்லெஸ் என்றதும் ஒரு விஷயம். பிஎஸ்பிக்குப் பழைய முறை பாதுகாப்புதான் தெரியும், இப்போது வீடுகளில் இருக்கும் ரௌட்டரின் டபிள்யூபிஏ-2 தெரியாது. வைஃபை கிடைக்கவில்லை என்று ரிப்பேருக்குக் கொண்டுபோக வேண்டாம். கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டு பிஎஸ்பி பக்கத்தில் இருந்தால் ரௌட்டர் இல்லாமலே பேசிக்கொள்ளும், அது இன்றைக்கும் வேலை செய்கிறது. ஓடும் ரயிலிலும்தான்.

காட் ஆஃப் வார்: செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் 2008-ல் வந்தபோது இந்தச் சின்னத் திரையில் இப்படியா என்று வாயைப் பிளந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் சோனி மென்பொருள் மூலம் செயலியின் வேகத்தை 222-லிருந்து 333 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டிருந்தது. அந்த வேகத்துக்கு விலை பேட்டரி. இரண்டாவது குமிழ் இல்லாத குறையை இவர்கள் சரி செய்த விதம் எனக்குப் பிடிக்கும்: எல், ஆர் இரண்டையும் பிடித்துக்கொண்டு குமிழைத் தள்ளினால் உருண்டு தப்பலாம், கேமராவை நீங்கள் தொடவே வேண்டாம். ஆனால் முக்கால்வாசி கேம் இருட்டு. பகல் ரயிலில் ஆட முடியாது. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் விளக்கு அணைத்த பிறகுதான் இதற்கு நேரம். ரத்தமும் ஆபாசமும் உள்ளது, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி ஸ்டோரீஸுக்கும் அதே எச்சரிக்கை. அதோடு அதில் பாதுகாப்பு வீட்டுக்குப் போனால்தான் சேவ். சுடும்போது கேமரா பாடாய்ப் படுத்தும். ஊரைச் சும்மா சுற்றிப் பார்க்க மட்டும் அது நன்றாக இருக்கும்.

கிரான் டூரிஸ்மோ, 2009. 800-க்கு மேல் கார்கள், ஓட்டுவதற்கு இனிமை. ஆனால் படிப்படியாக முன்னேறும் போட்டித் தொடர் என்று ஒன்றை வைக்கவே இல்லை. பணம் சேர்த்துக் கார் வாங்குவதோடு சரி. கார்ப் பைத்தியம் உள்ளவர் மட்டும் வாங்கலாம்.

ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் எனக்கு மிகவும் மதிப்புள்ள கேம், ஆனால் எல்லோருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். 2007-ல் பிஎஸ்பிக்கு வந்த பதிப்பில் வசனங்களைப் பழங்கால ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு மட்டும் இல்லை, கல்லூரி முடித்தவருக்கும் யார் யாரை ஏமாற்றுகிறார் என்று பிடிபட நேரம் ஆகும். மந்திரங்கள் ஓடும்போது கேம் மெதுவாகித் திக்கும்; அது உங்கள் கருவியின் பழுது இல்லை. நம் முறை, எதிரி முறை என்று மாறி மாறி ஆடுவதால் நடுவில் நிறுத்துவதற்கு இதைவிட வசதியானது கிடையாது.

கிரிக்கெட் இல்லாமல் நம்மூரில் பட்டியல் முடியுமா? பிரையன் லாரா 2007 பிரெஷர் பிளே பிஎஸ்பிக்கென்றே வந்தது. பந்துக்குப் பந்து நிற்கிற விளையாட்டு என்பதால் இந்தக் கருவிக்கு இயல்பாகவே ஒத்துப்போகும். இந்தியாவில் செய்த 'தேசி அட்டா'வில் கபடியும் கிட்டிப்புள்ளும் இருக்கின்றன. எண்ணம் அருமை. ஆனால் ஒவ்வொரு விளையாட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, நண்பர்கள் கூடியிருக்கும்போது மாற்றி மாற்றி ஆடுவதற்கு மட்டும் சரி.

இனி கருவி. பழையது வாங்கும்போது 1000, 2000, 3000 என்று மூன்று மாடல்கள் கண்ணில் படும். 1000 கனமானது, பேட்டரி 1800 மில்லியாம்ப். 2000, 3000 இரண்டுக்கும் 1200. 3000-ன் திரையில் வண்ணம் நன்றாக இருக்கும், வெயிலில் பிரதிபலிப்பும் குறைவு. ஆனால் வேகமாக நகரும் காட்சிகளில் மெல்லிய படுக்கைக் கோடுகள் தெரியும். 2000-ல் கோடு தெரியாது, நகரும்போது இழுவையாக நிழல் விழும். நான் பயணத்துக்கு 3000-ஐத்தான் சொல்வேன். எந்த நாட்டுக் கருவியானாலும் எந்த நாட்டு கேம் டிஸ்க்கும் ஓடும். ஜப்பான் கருவியில் வட்டப் பட்டன்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'.

கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணாச்சி, ஒரு டிஸ்க்கப் போட்டு பத்து நிமிஷம் ஆடிப் பாத்துக்கிடுதேன்." நல்ல பொருள் வைத்திருப்பவர் மறுக்க மாட்டார். குமிழைத் தொடாமல் வைத்துப் பாருங்கள். ஆள் தானாக நடந்தால் உள்ளே தூசி அல்லது தேய்மானம். நாலு திசையிலும் முழுசாகத் தள்ளிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் மெதுவாக நடந்தால் அதுவும் பழுதுதான். டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டுத் திரும்பத் திரும்பத் தேடினால் லென்ஸ் அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அழுத்தாமல் ஒரு துடைப்பு. தண்ணீர், சென்ட், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்கும் எவரும் பேட்டரி மூடியைத் திறந்து தொடுமுனைகளைப் பார்ப்பது நல்லது. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பேட்டரிதான் இந்தக் கருவியின் பெரிய நோய். வயதும் வெக்கையும் சேர்ந்தால் உப்பிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் டேங்க் கவரிலோ கார் டாஷ்போர்டிலோ வைத்த கருவியின் பேட்டரி சீக்கிரம் உப்பும். கண்டுபிடிக்க எளிய வழி: பேட்டரியைக் கழற்றி மேசைமேல் படுக்க வைத்து விரலால் சுழற்றுங்கள். தட்டையாக இருந்தால் உரசி நின்றுவிடும். பம்பரம் மாதிரிச் சுற்றினால் வயிறு புடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை அமுக்கவோ ஓட்டை போடவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜும் போடக்கூடாது. தனியாக எடுத்து மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். மாற்றுப் பேட்டரியில் 3600 மில்லியாம்ப் என்று அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். அந்த அளவு கூட்டுக்குள் அவ்வளவு அடங்காது. சில மாற்றுப் பேட்டரிகளைக் கருவி ஏற்காது என்பதால், நேரில் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

பேட்டரி இல்லாமலும் சார்ஜரில் செருகி இந்த மூன்று மாடல்களும் ஓடும். வீட்டில் ஆட அது போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கரன்ட் ஒரு கணம் போனாலும் ஆட்டம் அத்தோடு முடிந்தது, சேவ் எழுதும் நேரத்தில் போனால் அந்தச் சேவ் கோப்பே கெடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இப்படி ஆடாதீர்கள். சார்ஜர் 5 வோல்ட், முள் 4 மில்லிமீட்டர், நடுமுனை பிளஸ். அதே முள்ளில் 9 வோல்ட், 12 வோல்ட் அடாப்டர்களும் கடைகளில் தொங்குகின்றன. பொருந்துகிறது என்று செருகினால் போர்டு போய்விடும், எண்ணைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

திருச்செந்தூர், உவரி என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனித் தொல்லை. மெமரி கார்டு செருகும் இடத்தின் தொடுமுனைகள் மங்கி, கார்டைக் காணவில்லை என்று கருவி சொல்லும். காலணிப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களை நாலைந்து சேர்த்து, மூடி இறுகிய டப்பாவில் கருவியோடு வைத்தால் பெரும்பகுதி தப்பும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கமும் இதையே செய்யலாம்.

டிஸ்க்கின் பிளாஸ்டிக் கூட்டில் ஒரு பக்கக் கண்ணாடி மூடி நாளடைவில் ஒட்டு விட்டுப் பிரியும். பதறிப்போய் ஃபெவிக்விக் போடாதீர்கள். அதிலிருந்து எழும் ஆவி உள்ளிருக்கும் டிஸ்க்கில் வெள்ளையாகப் படிந்துவிடும். அரால்டைட் இரண்டையும் கலந்து, குண்டூசி முனையில் எடுத்து ஓரத்தில் நாலு புள்ளி மட்டும் வைத்து, மேலே ஒரு புத்தகம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். செலோடேப் சுற்றினால் தடிமன் கூடி டிஸ்க் உள்ளேயே சிக்கும்.

சேவ் எல்லாம் இருப்பது மெமரி ஸ்டிக்கில். அந்தக் கார்டு இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, கிடைப்பதில் போலிகளும் உண்டு. மைக்ரோ எஸ்டி செருகும் அடாப்டர் ஒன்று வாங்கி, 32 ஜிபிக்கு மிகாத நல்ல கார்டைப் போட்டு, கணினியில் இல்லாமல் பிஎஸ்பியின் சிஸ்டம் செட்டிங்ஸில் போய் ஃபார்மேட் செய்யுங்கள். மாதம் ஒரு தடவை மினி யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, பிஎஸ்பி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்போது கேபிளையும் பிடுங்கக்கூடாது, கார்டையும் எடுக்கக்கூடாது. பரீட்சை முடியும்வரை பெட்டிக்குள் போகிற கருவி என்றால், பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றி வையுங்கள். திரும்பப் போட்டதும் தேதியும் நேரமும் கேட்கும், அதை மட்டும் சரி செய்தால் போதும்.